அம்மாவும் படலைக்கு உள்ளே வரட்டும்: மூன்று வயதுக்கு முந்திய விளையாட்டைப் பற்றி

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன் உடம்பைக் கவனிக்க நல்ல ஒழுங்கு ஒன்று இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார், கிளினிக்கில் நிறுப்பார்கள், தடுப்பூசித் திகதி தவறினால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், நிறை கோட்டுக்குக் கீழே இறங்கினால் திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கும். போர்க்காலத்தில் ஒன்றுமே கிடைக்காத நாட்களிலும் இந்த ஒழுங்கைக் கட்டிக்காத்தவர்கள் அந்தக் குடும்பநலப் பெண்கள்தான், அதை மறக்கக் கூடாது. அப்புறம் மூன்று வயது வந்ததும் முன்பள்ளி: சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், முதுகைவிடப் பெரிய பை. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை எப்படி விளையாடுகிறது, அதோடு யார் விளையாடுகிறார்கள் என்று எங்களிடம் கேட்பார் யாரும் இல்லை. கிளினிக் புத்தகத்தில் எந்த வயதில் பிள்ளை என்ன செய்யத் தொடங்கும் என்றும் அச்சடித்திருக்கிறது, ஆனால் நிறைக்கோட்டைப் பார்க்கிற கண்ணோடு அந்தப் பக்கத்தை வீட்டில் பார்ப்பவர்கள் குறைவு.

பல நாடுகளில் இந்த இடைவெளிக்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளையும் அதைப் பார்க்கும் பெரியவரும் சேர்ந்து வந்து, சேர்ந்து விளையாடி, சேர்ந்து வீட்டுக்குப் போகும் இடம். எங்கள் ஆட்களுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவின் ஸ்காபரோவுக்குப் போய்வந்த அம்மம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனதை. அது இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 முதல் அதற்கு ஏர்லிஒன் நிலையங்கள் என்று பெயர். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை யாரும் வரலாம், காசு இல்லை, சிறுபிள்ளைக் கல்வி படித்த ஒருவர் அங்கே இருப்பார். பிள்ளையை இறக்கிவிட்டுப் போக மட்டும் முடியாது. அம்மாவோ அப்பாவோ அம்மம்மாவோ யாரோ ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நோர்வேயில் திறந்த பாலர் பாடசாலை என்றும், அவுஸ்திரேலியாவில் பிளேகுரூப் என்றும் இதேபோல நடக்கிறது.

இவற்றில் பல, அரசாங்கம் யோசித்துக் கொடுத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். நியூசிலாந்தில் 1941இல், ஆண்கள் யுத்தத்துக்குப் போயிருந்த காலத்தில், வெலிங்டனின் கரோரி என்ற பகுதியில் தாய்மார் தாங்களே முறை வைத்து நடத்தத் தொடங்கியதுதான் பிளேசென்ரர் இயக்கம், அது இன்றைக்கும் பெற்றோர் கையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் அரசாங்கம் புதிய பாலர் பாடசாலைகளைத் திறக்காமல் நிறுத்திவைத்திருந்த நேரம், 1961இல் பெல் ருற்றேவ் என்ற தாய் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார், நாங்களே நடத்துவோம் வாருங்கள் என்று. அதிலிருந்துதான் அந்த நாட்டின் விளையாட்டுக் குழுக்களின் சங்கம் எழும்பியது. இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1945இல் போர் ஓய்ந்த கையோடு, ஓடிப்போன ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்ற காசில், குண்டு விழுந்த வீடுகளின் கல்லைப் பொறுக்கி, சனம் முதலில் கட்டியது ஒரு சிறுபிள்ளைப் பள்ளி. அந்தச் செய்தி கேட்டு லோரிஸ் மலகுற்சி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். பிறகு அந்தப் பிரதேசத்தின் சிறுபிள்ளைக் கல்வியே உலகம் முழுக்கப் பேசப்பட்டது. போருக்குப் பிறகு எதை முதலில் கட்டுவது என்ற கேள்வி எங்களுக்கும் வந்ததுதான், அதனால் அந்தக் கதையை நான் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

சரி, அங்கே போய் என்னதான் செய்கிறார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம், கூடினால் இரண்டு. வந்தவுடன் பிள்ளை தன் பாட்டில் விளையாடும்: ஒரு மூலையில் தண்ணீர், ஒரு மூலையில் கட்டைகள், ஒரு மூலையில் சோறு கறி ஆக்கும் சட்டிபானை, தவழ்கிற குழந்தைகளுக்கு ஒரு பாய். பிறகு கை கழுவி, எல்லோரும் ஒன்றாக இருந்து ஏதோ சாப்பிடுவார்கள். பிறகு வட்டமாக இருந்து பாட்டு, ஒரு கதை, போய்வருகிறோம் என்று ஒரு பாட்டு. ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்குதான், அதே பாட்டுத்தான். பெரியவர்களுக்குச் சலிக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது, இந்த ஒழுங்குதான் அதன் மணிக்கூடு. சாப்பாடு முடிந்தால் பாட்டு வரும் என்று தெரிந்த பிள்ளை குழறுவது குறைவு. நடத்துகிற ஆசிரியை மேசைக்கு முன்னால் நின்று படிப்பிப்பதில்லை. நிலத்தில் இருப்பார், பிள்ளைகளோடு கதைப்பதைவிட அம்மாக்களோடு மெல்லிய குரலில் கதைப்பார்.

ஏனென்றால் இந்த நிகழ்ச்சியின் உண்மையான மாணவர் பெரியவர்தான். வாரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளைக்கு எதைத்தான் படிப்பித்துவிட முடியும்? மிச்ச நேரம் முழுக்க அது வீட்டில்தான் இருக்கிறது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அம்மாவோ அப்பாவோ ஒன்றைப் புதிதாகக் கண்டுகொண்டால் அது வீட்டுக்குப் போகும், குசினிக்கும் கிணற்றடிக்கும் போகும், பிறக்கப்போகிற அடுத்த பிள்ளைக்கும் போகும்.

அப்படி எதைக் காண்பது? ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஒன்றரை வயதுப் பிள்ளை, முன்னால் ஒரு வாளித் தண்ணீர், கையில் ஒரு சிரட்டை. அள்ளுகிறது, ஊற்றுகிறது, பாதி வெளியே போகிறது. சிரட்டையைச் சரித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கு இன்னும் தெரியாது. மணிக்கட்டைத் திருப்பப் பழகுகிறது. நிறைந்த சிரட்டைக்கும் வெறும் சிரட்டைக்கும் பாரம் வேறு என்று கை கண்டுபிடிக்கிறது. இந்த நேரம் அம்மாவின் வாயில் முதலில் வருவது "நனையாதே, தடிமன் பிடிக்கும்" என்பதுதான், அடுத்து சிரட்டையை வாங்கி எப்படி ஊற்றுவது என்று தானே ஊற்றிக் காட்டுவாள். இரண்டும் அன்பினால்தான். ஆசிரியை இங்கே செய்வது சின்ன வேலை: "கொஞ்சம் பொறுங்கோ, என்ன செய்யுது எண்டு பாப்பம்." அம்மா பொறுக்கிறாள். பிள்ளை வாளிக்குள் சரியாக ஊற்றிவிட்டு, தண்ணீரைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அப்போது அம்மா "ஊத்திப்போட்டியா? எல்லாம் வாளிக்குள்ள போட்டுது!" என்று சொல்வதோடு ஒரு பாடம் முழுமையாகிறது. பிள்ளை தொடங்கியது, பெரியவர் கவனித்தார், பதில் சொன்னார், பிள்ளை மறுபடி செய்தது. மூளை வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்வதெல்லாம் இந்தப் போக்குவரத்தைத்தான். குழந்தை காகத்தைக் கை காட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பதும் இதேதான். நீங்களும் காகத்தைப் பார்த்து "காகம்" என்று சொன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது. ரீவியில் ஒருவர் ஆயிரம் தரம் காகம் என்று சொன்னாலும் அப்படி ஒட்டாது, ஏனென்றால் பிள்ளை எந்தக் காகத்தைப் பார்க்கிறது என்று ரீவிக்குத் தெரியாது.

போனைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். போன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைகள் இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அதற்காக அம்மாக்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் அடுப்புமாக நிற்கிறவளுக்கு வேறு யார் உதவுகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளைக்கு மூன்று மணித்தியாலமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும். சரிதான். ஆனால் போனைப் பறிப்பதோடு நின்றால் போதாது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்று பக்கத்தில் இருந்து காட்ட ஒரு ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜமைக்காவைத்தான். 1986-87இல் கிங்ஸ்டன் நகரில் சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை எடுத்தார்கள், 9 மாதம் முதல் 24 மாதம் வரையான வறிய வீட்டுப் பிள்ளைகள். நாலு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாராவாரம் பால்மா. இன்னொரு பிரிவுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்தி விளையாட வைப்பார். கொண்டுவந்த விளையாட்டுச் சாமான்கள் வீட்டில் எறிகிற போத்தலிலும் பெட்டியிலும் கையால் செய்தவை, அடுத்த வாரம் வேறொன்று மாற்றிக் கொடுப்பார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நாலாவதற்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருடம். பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, விளையாட்டு வருகை கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசத்தைக் காணவில்லை.

நிறைக்கோட்டையே பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம். சாப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வயிறு நிறையாத பிள்ளை விளையாடாது. ஆனால் சாப்பாட்டால் மட்டும் வராத ஒன்று, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து விளையாடியதால் வந்தது. அது சின்ன ஆய்வு, மிகவும் வறிய பிள்ளைகளிடம் செய்தது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை எல்லோருக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே முறையைப் பிறகு வங்காளதேசத்தில் அரச கிராமக் கிளினிக்குகளிலும் ஒடிசாவின் கிராமங்களிலும் செய்துபார்த்தபோதும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒடிசாவில் வீட்டுக்கு வீடு போனதையும், தாய்மாரைக் குழுவாக ஓரிடத்தில் கூட்டியதையும் ஒப்பிட்டார்கள். 2020இல் வந்த முடிவு, குழுவாகக் கூட்டியதும் அதே அளவு நன்மை தந்தது, செலவோ மூன்றிலொரு பங்குக்கும் குறைவு என்றது. வெயிலும் வறுமையும் கூட்டுக்குடும்பமும் எங்களைப் போலவே உள்ள இடம் அது.

விளையாட்டுச் சாமானுக்கு நாங்கள் கொழும்பிலிருந்து பிளாஸ்ரிக் கட்டைகள் இறக்க வேண்டியதே இல்லை. வீட்டு வளவிலேயே இருக்கிறது: சிரட்டை, குரும்பட்டியும் ஈர்க்கும் சேர்த்துச் செய்த தேர், நுங்குக் கோம்பையில் வண்டி, பூவரசம் இலையில் பீப்பீ, ஓலைக் காற்றாடி, சின்ன மூடல் பெட்டி. ஒரு வயதுப் பிள்ளைக்கு மூடல் பெட்டியைப் போல ஒரு சாமான் கடையில் கிடைக்காது, மூடித் திறக்கலாம், உள்ளே ஒன்றை ஒளிக்கலாம், கவிழ்த்துத் தட்டலாம், கடிக்கலாம். குரும்பட்டி சின்னதாக இருந்தால் வாய்க்குள் போகும், ஈர்க்கு கண்ணில் குத்தும், அதனால் மூன்று வயதுக்குக் கீழே அவற்றைப் பெரியவர் கையில் வைத்துத்தான் காட்ட வேண்டும், தண்ணீர் வாளிப் பக்கத்தில் ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளாளுக்குப் பங்கு வைத்து, கடைசியில் விரலை நண்டாக ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதைக் கவனித்துப் பாருங்கள்: ஒவ்வொரு விரலாகத் தொடுவது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது, அடுத்தது என்ன என்று பிள்ளை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது. வெளிநாட்டில் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிப்பது எங்கள் ஆச்சிமாருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் அந்த ஆச்சி இப்போது பல வீடுகளில் இல்லை. ஒருவர் கனடாவின் பிரம்டனில் பேரப்பிள்ளை பார்க்கிறார், இன்னொருவர் முகாமும் இடப்பெயர்வுமாகத் தேய்ந்து கதைக்கவே விரும்பாமல் இருக்கிறார். இன்றைக்கு இருபத்தைந்து, முப்பதில் தாயாகியிருக்கிற பெண்களில் பலருக்குச் சிறுவயது என்பதே பங்கரும் ஓட்டமும்தான். அவர்களோடு யாரும் சாவகாசமாக இருந்து விளையாடிய காலமல்ல அது. தன்னோடு விளையாடாத ஒன்றைத் தன் பிள்ளையோடு விளையாடு என்றால் எங்கிருந்து தொடங்குவது? இதைத் துண்டுப்பிரசுரம் அடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. இன்னொரு அம்மா பக்கத்தில் இருந்து செய்வதைப் பார்த்துத்தான் வரும், வெட்கம் விட்டு நாலு பேரோடு சேர்ந்து கைதட்டிப் பாடினால்தான் வரும். தனிமையில் காய்ந்துபோயிருக்கும் ஒரு தாய்க்கு வாரத்தில் ஒருநாள் வெளிக்கிட்டுப் போக ஒரு இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

இடத்துக்கும் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, மாதர் சங்கக் கட்டடம் இருக்கிறது, கோயில் மடம் இருக்கிறது. முன்பள்ளிக் கட்டடங்கள் மத்தியானத்தோடு பூட்டிக் கிடக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம் கிளினிக்தான்: நிறுக்கவும் ஊசி போடவும் தாய்மார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாங்கில் காத்திருக்கிறார்கள்! அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பாயும் ஒரு கடகம் சாமானும் ஒரு ஆளும் இருந்தால், புதிதாக யாரையும் கூட்டாமலே ஒரு விளையாட்டு வேளை தொடங்கிவிடும். பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், இதைக் கையில் எடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். நேரம் வைக்கும்போது ஊரைப் பார்க்க வேண்டும். தோட்டம் செய்கிற இடத்தில் காலையில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வைத்தால் பாய் வெறுமையாகக் கிடக்கும், மாரியில் வெள்ளம் நிற்கிற இடங்களுக்கு வேறு ஒழுங்கு வேண்டும். குருநகர், பாசையூர் பக்கம் இரவில் கடலுக்குப் போகிற அப்பாமார் பகலில் வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் வரும் வேளை என்று ஒன்றை வேறு எங்கும்விட அங்கே தொடங்குவது சுலபம். அப்பா கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளில் இருப்பவர் என்ற பழக்கம் மாறினால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு உள்ள பயம் வேறு. நல்லது ஒன்றைத் தொடங்கினால் அதை வகுப்பாக மாற்றிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் சூடு முன்பள்ளி வரை இறங்கிவிட்டது. மூன்று வயதில் கொப்பி நிறைய அகரம், அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து, வீட்டுவேலை. அம்மாக்களும் கேட்கிறார்கள், "இன்னும் எழுதப் பழக்கேல்லையோ?" என்று, அப்படிக் கேட்காவிட்டால் தங்கள் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறாரே, அதில் ஒரு அழகு இருக்கிறது, பென்சில் இல்லை, விரலும் அரிசியும்தான். அடுத்த நாளே பென்சிலைக் கொடுத்துக் கோட்டுக்குள் எழுது என்பதுதான் பிழை. மூன்று வயதில் கை எலும்பும் தசையும் பென்சிலுக்கு இன்னும் முழுதாகத் தயாராகியிருப்பதில்லை. புட்டுக்குக் குழைத்த மாவில் ஒரு உருண்டை, பொறுக்கிப் போட நாலு புளியங்கொட்டை, முறுக்கித் திறக்க ஒரு போத்தல் மூடி, இவைதான் எழுத்துக்கு முந்திய எழுத்து. மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய பள்ளியில், எழுதுவதற்கு முன் கையைத் தயார்படுத்துவதற்கென்றே எத்தனையோ வேலைகள் வைத்தார். 1944இல் அவர் இலங்கைக்கே வந்து பயிற்சி நடத்தியவர். அவர் பெயரைப் பலகையில் எழுதிய இடங்களில்கூட இன்றைக்குப் பிள்ளைகள் கொப்பிக்கு முன்னால் குனிந்திருப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

அதனால் தொடங்குகிறவர்கள் சிலவற்றை முதலிலேயே மறுத்துவிட வேண்டும்: சீருடை, சான்றிதழ், மேடை ஏற்றும் கலைவிழா, யாருடைய பிள்ளை முதலில் கதைத்தது என்ற ஒப்பீடு. கடைசி ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டது. பதினைந்து மாதத்தில் நடக்காத பிள்ளையின் தாய், அப்படி ஒரு ஒப்பீடு ஒருதரம் காதில் விழுந்தால் மறுவாரம் வரமாட்டாள். உண்மையில் அவள்தான் கட்டாயம் வர வேண்டியவள். ஒன்றரை வயதாகியும் கை காட்டாத, பெயர் கூப்பிட்டால் திரும்பாத, முகம் பார்க்காத பிள்ளையை வீட்டில் "அவன் அப்பரைப் போல, பிந்தித்தான் கதைப்பான்" என்று விட்டுவிடுவார்கள். பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கும்போது தாயின் கண்ணுக்கே அது படும். ஆசிரியை அப்போது நோயின் பெயர் எதுவும் சொல்லக் கூடாது, அது அவர் வேலை இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகச் சிறுவர் வைத்தியரிடம் அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பாயில் இடத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். காது கேட்கவில்லை என்று இரண்டு வயதில் தெரிவதற்கும் ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் தெரிவதற்கும் இடையில் ஒரு பிள்ளை இழக்கிற சொற்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

இதை யார் நடத்துவது என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவது முன்பள்ளி ஆசிரியைகளை. அவர்கள் வாங்குவது சம்பளம் என்று சொல்லவும் முடியாத ஒரு கொடுப்பனவு, பலர் அதற்குள்ளும் பஸ் காசு கட்டுகிறார்கள். அவர்களுடைய பின்னேரத்தையும் சேவை என்று சொல்லி வாங்கிக்கொண்டால் ஆறு மாதம் நடக்கும், பிறகு நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிற சங்கங்கள் கட்டடமும் நுழைவாயில் வளைவும் கட்டக் கொடுப்பதில் ஒரு பங்கை, ஒரு ஊரில் ஒரு ஆசிரியைக்கு வாரத்தில் இரண்டு பின்னேரத்துக்கான கூலியாக, மூன்று வருடத்துக்கு உறுதியாகக் கொடுத்தால் போதும். பாயும் சிரட்டையும் ஊரார் கொண்டுவருவார்கள்.